பிரிக்கிறவனுக்குத் தாம்பாளம் கிடையாது

நான் வீடு பிரிக்கிறவன். இடிக்கிறவன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இடிக்க எவனாலும் முடியும்; ஒரு மெஷினும் டீசலும் இருந்தால் போதும். கட்டினவன் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்ததை, ஓடு உடையாமல், உத்திரம் விரியாமல், கதவு நிலை கோணாமல் கழற்றிக் கீழே இறக்குவதற்குப் பெயர்தான் பிரிப்பது. முப்பத்தெட்டு வருஷம் அதைச் செய்தேன். வில்லியனூரில் தேரோடும் வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் பழைய வீடு என்று விரல்விட்டு எண்ணும்படிதான் இன்றைக்கு மிச்சம் இருக்கிறது. அதில் என் கைக்கும் பங்கு உண்டு.

போன மாதம் எங்கள் கடையின் இப்போதைய முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பழைய தூண், கதவு, ஜன்னல் விற்கிற கடை அது. பெரிய முதலாளி சவரிநாதன் போனபிறகு மகன் பார்த்துக்கொள்கிறார். கடைக்கு வெப்சைட் வைக்கிறாராம். "அண்ணே, நீங்க பிரிச்ச வூடுங்களப் பத்தி நாலு வரி எழுதிக் குடுங்க. படிச்சிட்டு வர்றவன் தூணுக்குப் பேரம் பேச மாட்டான்" என்றார். எழுதிக் கொடுத்தேன். நாலு வரி கேட்டவருக்கு ஒரு பக்கம் கொடுத்தேன். அதில் தேவராசுவின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, வேண்டும் என்றேதான் விட்டேன். விட்டது உறுத்துகிறது. அதனால் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

தேவராசு எனக்குப் பங்காளி முறை. பாகூர் பக்கம் ஒரே ஊர், ஒரே தெரு. பத்தாம் வகுப்பில் இரண்டு பேரும் ஒன்றாகப் பெயிலாகி, ஒரே நாளில் சவரிநாதன் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தோம். முதல் இரண்டு வருஷம் செங்கல்லில் ஒட்டிய சுண்ணாம்புக் காரையைச் சுரண்டினோம். அடுத்த வருஷம் ஓடு இறக்கினோம். அதற்கு அடுத்த வருஷம் ஆணி பிடுங்கினோம். ஐந்தாம் வருஷம்தான் சுவர்மேல் ஏறவிட்டார். படித்தது அவ்வளவுதான். மீதியை அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

அவர் ஒரு வீட்டுக்கு விலை சொல்லும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். வீட்டை மூன்று முறை சுற்றுவார். முதல் சுற்றில் தலை நிமிராமல் தரையை மட்டும் பார்ப்பார். தண்ணீர் எங்கே நின்றது, சுவர் எங்கே உறிஞ்சியது என்று தரை சொல்லிவிடும். இரண்டாம் சுற்றில் மேலே மட்டும் பார்ப்பார். மூன்றாம் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவியபடி, மோந்துகொண்டே நடப்பார். கரையான் இருந்தால் மண் வாசம் வருமாம். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. எல்லாம் முடிந்தாலும் வீட்டுக்குள் நின்று வாயைத் திறக்க மாட்டார். தெருமுனை டீக்கடைக்கு வந்து, டீ வந்து, பாதி குடித்த பிறகுதான் விலையைச் சொல்வார். "வூட்டுக்குள்ள நின்னு அதோட வெலய பேசக் கூடாதுடா. எழவு வூட்ல சொத்து பிரிக்கிற மாரி" என்பார்.

வேலையில் அவருக்கு ஒரே சட்டம்தான். "கட்னவன் கடசியா இன்னாத்த வெச்சானோ, அத மொதல்ல எடு." கூரையின் உச்சி ஓட்டை முதலில் எடுக்கவேண்டும். ஓட்டுக்குப் பதில் தளம் போட்ட மச்சாக இருந்தால் மேல்தளத்துக் காரையை வெட்டி, செங்கல்லை வரிசை வரிசையாக எடுத்து, பிறகு குறுக்குக் கட்டைகள், அதன்பிறகு உத்திரம், தூண், கடைசியில் வாசல் நிலை. இந்த வரிசையை மாற்றினவன் எவனும் அவரிடம் இரண்டாவது நாள் வேலைக்கு வந்ததில்லை.

எனக்கும் தேவராசுவுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அவனுக்குக் கண். ஒரு சுவரைப் பார்த்தால் அரை விரல் சாய்ந்திருப்பதை நூல் கட்டாமலே சொல்வான். எனக்குக் காது. கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் மரத்தை ஒரு தட்டு தட்டினால், உள்ளே கெட்டியா, இற்றுப்போனதா என்று எனக்குத் தெரியும். உத்திரம் எப்போதும் சுவருக்குள் சொருகின முனையில்தான் இற்றுப்போகும். அது கண்ணுக்குத் தெரியாது. தேவராசுவுக்கு அந்தச் சத்தம் பிடிபடவே இல்லை. "எல்லாம் ஒரே மாரிதான்டா கேக்குது" என்று சிரிப்பான். அந்த ஒன்றில் மட்டும் நான் அவனுக்கு மேலே இருந்தேன்.

பத்து வருஷம் கழித்து அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். பழைய வீடுகளைக் காப்பாற்றுகிறோம் என்று டவுனில் சிலர் கிளம்பியிருந்தார்கள். பழைய வீட்டைப் பிரிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பழுது பார்க்கவும் தெரியும் என்று யாரோ சொல்லி, ஆள் தேடி வந்தார்கள். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டார். நான், "அதெல்லாம் நிக்காது மொதலாளி, ரெண்டு வருசத்துல கடைய மூடிடுவானுங்க" என்றேன். தேவராசு, "போய்ப் பாக்குறேன் மொதலாளி" என்றான். போய்ப் பார்த்தவன் பெரிய மேஸ்திரி ஆனான். பேப்பரில் படம் வந்தது. பிரான்சுக்கு நாற்பது நாள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு சர்ச் வாசலில் நின்ற படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். என் பெண்சாதி அதைப் பார்த்துவிட்டு வந்து, "அதே பள்ளிக்கூடம், அதே பெயிலு, இன்னா பிரயோசனம்" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமாக வேறு பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. பொறாமை.

படம்கூடப் போகட்டும். என்னைத் தின்றது தாம்பாளம்தான். எங்கள் பக்கத்தில் வீட்டு வேலை முடிந்தால் கொத்தனாரையும் தச்சரையும் உட்காரவைத்து, தாம்பாளத்தில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்காரர் எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் அன்றைக்கு இரண்டு கையாலும் நீட்டுவார். தேவராசு அப்படி வாங்கின வேட்டிகளுக்கு அவன் வீட்டில் ஒரு பீரோவே இருக்கிறது. பிரிக்கிறவனுக்குத் தாம்பாளம் கிடையாது. கடைசி நாள் வீட்டுக்காரர் வரவே மாட்டார். வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நியாயம்தான், நான் ஏதோ துக்கத்துக்கு வந்தவன் மாதிரி. ஆனாலும் முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம் இல்லையா?

தெருவைப் பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது வில்லியனூர் தேரோடும் வீதியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது. வாசலில் நின்றால் முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை வாசல் வரைக்கும் வெளிச்சம் தெரியும். பிறகு பாகம் பிரித்தார்கள். மூன்று அண்ணன் தம்பி என்றால் வீடு நீளவாக்கில் மூன்று கீற்றாகும். ஒரு கீற்றில் மாடிப்படியை வெளியே வைத்து மூன்று மாடி ஏற்றுவான். இன்னொருவன் முன்பக்கத்தை செல்போன் கடைக்கு விடுவான். மூன்றாமவன் பிரான்சிலோ சென்னையிலோ இருப்பான். அவன் கீற்றில் அரசமரம் முளைக்கும். நடுக்கீற்றைப் பிரிக்கப் போனால் இரண்டு பக்கத்துச் சுவரும் அம்மணமாக நிற்கும். அந்தச் சுவரில் அலமாரிக் குழியும் விளக்கு மாடமும் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும். நானே தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறேன். புது வீடுகளில் கீழே கார் நிற்கிறது, ஆள் மேலே இருக்கிறான். முன்பக்கச் சுவருக்கு பாத்ரூம் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். கேட்டால் எலிவேஷனாம்.

அந்த வீதியில் உருப்படியாக நின்ற கடைசி வீடுகளில் ஒன்று கமலா டீச்சருடையது. ரிட்டயர் ஆன ஆரம்பப்பள்ளி டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக இருந்தார். பிரான்சில் இருந்த அண்ணன் விற்றுவிடலாம் என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், "பழுது பார்த்து நின்றால் நீ இருந்துகொள். ஒரு குறை வந்தாலும் விற்றுவிடுவேன்" என்று முடித்துவிட்டார். டீச்சர் தேவராசுவைக் கூப்பிட்டார். கூடவே எங்கள் முதலாளிக்கும் போன் செய்து, வேலை தொடங்கும் முன் அனுபவப்பட்ட ஓர் ஆள் உத்திரங்களைப் பார்த்துச் சொன்னால் தேவலை என்றார். முதலாளிக்கு அப்போது உடம்பு முடியவில்லை. "பிரிக்கிற கிராக்கி இல்லடா. டீச்சரு, மரியாதைக்கிப் போயிட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

தேவராசு அங்கே எனக்கு முன்பே நின்றிருந்தான். சட்டைப்பையில் மூன்று பேனா. "வாடா ஏழுமல. உன் காதுக்குதான் காத்துனு கீறேன்" என்றான். நக்கலா, நிஜமா தெரியவில்லை. எனக்கு எல்லாமே நக்கலாகத்தான் கேட்டது.

முதலாளி மாதிரியே மூன்று சுற்று சுற்றினேன். கூடத்தில் டீச்சரின் இரும்புக் கட்டில் கிடந்தது. நேர் மேலே பெரிய உத்திரம். ஏணி போட்டு ஏறி, தெற்கு முனையைத் தட்டினேன். மணி மாதிரி இருந்தது. வடக்கு முனையைத் தட்டினேன். சத்தம் உள்ளே போய்த் திரும்பவில்லை. சுவருக்குள் மரம் இல்லை, தூள்தான் இருந்தது. பக்கத்து வீட்டின் மூன்றாம் மாடி பாத்ரூம் பைப் அந்தப் பொதுச்சுவர்மேல்தான் கசிந்துகொண்டிருந்தது. அங்கே நின்ற பழைய வீட்டைப் பிரித்துக் கொடுத்தவனும் நான்தான்.

கீழே இருந்து டீச்சர் அண்ணாந்து பார்த்தார். "எப்படிங்க இருக்கு? முப்பது வருஷமா இந்த உத்திரத்தப் பாத்துக்கிட்டேதான் தூங்கறேன்."

ஏணியில் இருந்தபடியே தேவராசுவைப் பார்த்தேன். நான் சொன்னால் என்ன ஆகும்? அவன் உத்திரத்தை மாற்றுவான், வீடு நிற்கும், பேப்பரில் படம் வரும், தாம்பாளம் வாங்குவான். நான் சொல்லாவிட்டால்? மேல்தளத்தில் ஆள் ஏறி வேலை செய்யும்போது முனை உடையும். பெரிய மேஸ்திரி பழுது பார்த்த வீடு விழுந்தது என்று ஊர் சிரிக்கும். இவ்வளவும் ஒரு மூச்சு விடுவதற்குள் என் தலையில் ஓடியது.

"நல்லா இருக்கு டீச்சர்" என்றேன்.

இறங்கி வந்து, அவர் கொடுத்த காபியையும் குடித்தேன்.

முதல் இரண்டு நாள் சந்தோஷமாகவே இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மூன்றாம் நாளிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வீதி வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். வெளியிலிருந்து கூரை நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். வாசலில் டீச்சர் கோலம் போட்டிருந்தால், சரி, இருக்கிறார் என்று மூச்சு வரும். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கடைச் சைக்கிளை நிறுத்தினேன். உள்ளே தேவராசுவின் குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் கால் தானாக பெடலை மிதித்துவிட்டது. இப்படியே பதினோராம் நாள் வரை.

பன்னிரண்டாம் நாள் காலையில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, சங்கராபரணி ஆறு நிரம்புகிற மழை. பத்து மணி இருக்கும். காரை தண்ணீர் குடித்தால் மச்சு இரண்டு பங்கு கனக்கும் என்று எனக்குத் தெரியாதா? கையில் இருந்த கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவு திறந்திருந்தது. "டீச்சர்! டீச்சர்!" என்று கத்திக்கொண்டே கூடத்துக்குள் போனேன்.

உத்திரத்தின் வடக்கு முனைக்குக் கீழே மூன்று சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து நின்றது. கட்டில் அங்கே இல்லை. தேவராசு தரையில் சம்மணம் போட்டு இட்லி தின்றுகொண்டிருந்தான்.

"வந்துட்டியா? செருப்ப கழட்டிட்டு வாடா" என்றான்.

"எப்படா முட்டு வெச்ச?"

"நீ பாத்துட்டுப் போன அன்னிக்கி சாயந்தரமே. கட்டிலயும் உள்ரூமுக்கு மாத்திட்டேன்."

"உனக்குதான் சத்தம் கேக்காதே?"

"இன்னமும் கேக்கல. உன் கையப் பாத்தேன். நல்ல மரத்த நீ ஒரு தபாதான் தட்டுவ, தட்டிட்டுப் போயினே இருப்ப. அந்த மொனய ரெண்டு தபா தட்டுன. அப்பறம் எம் மூஞ்சியப் பாத்த."

இரண்டு முறை தட்டினது எனக்கே தெரியாது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அப்ப ஏன்டா வந்து கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்துனு இருந்தேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இட்லித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "உத்திரத்த மாத்தணும். மேல மச்சு அப்டியே இருக்க, கீழ மட்டும் கழட்டணும். எனக்கு மாட்டத் தெரியும், கழட்டறது உன் வேல. வர்றியா?" என்றான்.

போனேன். முதலாளியின் சட்டத்தை மீறி, கடைசியாக வைத்தது மேலே இருக்கும்போதே அடியில் இருப்பதை எடுக்கிற வேலை. அந்த ஒரு வேலைக்காகத்தான் முப்பத்தெட்டு வருஷமும் பழகினேனோ என்று தோன்றியது. உத்திரத்துக்கு இரண்டு பக்கமும் பலகை கொடுத்து, பலகைக்குக் கீழே பதினான்கு சவுக்குக் கட்டைகளை நிறுத்தி, ஒவ்வொன்றின் அடியிலும் ஜோடியாக ஆப்பு வைத்தேன். ஆப்பை ஓங்கி அடித்தால் காரை வெடிக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டே தட்டு, அடுத்ததுக்கு இரண்டு தட்டு, இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு முழு நாள் அடித்தேன். சாயந்திரம் உத்திரத்துக்கும் குறுக்குக் கட்டைக்கும் நடுவில் ஒரு ரம்பத் தகட்டை விட்டு இழுத்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடங்கல் இல்லாமல் வந்தது. பாரம் முழுக்க முட்டுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் தெற்குச் சுவரில் குழியை ஆழமாக்கி, உத்திரத்தை அந்தப் பக்கம் தள்ளி, வடக்கு முனையை வெளியே எடுத்து, கயிற்றில் இறக்கினோம். இற்ற முனை கையோடு வந்துவிட்டது. மேலே ஒரு செங்கல் அசையவில்லை.

மாற்று உத்திரத்துக்குத் தேடவேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டை நான் பிரித்தபோது வந்த உத்திரம், நீளம் அதிகம் என்று விலைபோகாமல் எங்கள் கடைக் கொட்டகையில் கிடந்தது. இரண்டு வீட்டையும் ஒரே ஆள் கட்டியிருக்கவேண்டும். அளவு அச்சாக இருந்தது. தேவராசு அதை ஏற்றி, மட்டம் பார்த்து, சுவருக்குள் காற்றுப் போக இடம் விட்டு உட்காரவைத்தான். நன்றாகவே செய்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி பைப்பையும் மாற்றவைத்தான்.

மூன்று மாதத்தில் மொத்த வேலையும் முடிந்தது. பால் காய்ச்சுகிற அன்றைக்கு என்னையும் வரச்சொன்னார்கள். போனால், கூடத்தில் இரண்டு பலகை போட்டிருந்தது. இரண்டு தாம்பாளம்.

டீச்சர் முதலில் தேவராசுவுக்குக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். வேட்டியில் மயில்கண் கரை. "ஏழுமலை, நான் பயப்படக் கூடாதுன்னு எங்கிட்ட நல்லா இருக்குன்னு சொன்னாலும், நீங்க அன்னிக்கே கண்டுபிடிச்சு தேவராசு கிட்ட சொல்லலன்னா நான் இன்னிக்கு இல்ல. பேப்பர்காரங்க வராங்க. உங்க பேரையும் போடச் சொல்லியிருக்கேன்" என்றார். இரண்டு கையாலும் நீட்டினார்.

தேவராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறான். மூன்று மாதமாக.

கை நீட்டினேன், விரல் தாம்பாளத்தைத் தொட்டும்விட்டது. "நான் சொல்லல டீச்சர்" என்று வாய் சொன்னது.

"என்ன சொல்லல?"

"உத்திரம் இத்துப்போனது அன்னிக்கே எனக்குத் தெரியும். நான் யாருகிட்டயும் சொல்லல. இவனாதான் புரிஞ்சிக்கினான். இவம்மேல இருந்த பொறாமயில சொல்லல."

டீச்சர் தாம்பாளத்தைக் கீழே வைக்கவில்லை. வகுப்பில் ஒரு பையனைக் கேட்பது போல, குரலை உயர்த்தாமல் கேட்டார். "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அத்தன நாளும் நான் எங்க படுத்துட்டு இருந்தேன்னு நீங்க நெனச்சீங்க?"

பொய் சொல்ல இடமே இல்லை. "உத்திரத்துக்குக் கீழ, டீச்சர்" என்றேன்.

அவர் தலையை ஒருமுறை ஆட்டினார். தாம்பாளத்தோடு உள்ளே போனார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப் வரை தேவராசு பின்னாலேயே வந்தான். "இன்னாத்துக்குடா சொன்ன? அதான் நான் மூடிட்டேன் இல்ல? கம்னு வாங்கிக்க வேண்டிதான?"

"நீ குடுத்து நான் வாங்கணுமாடா?" என்றேன்.

அவன் பஸ் வரும்வரை கூடவே நின்றான்.

மனசாட்சி குத்தியது, அதனால் சொன்னேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வரும். ஆனால் நடந்தது அது இல்லை. வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே தாம்பாளம் தேவராசு போட்ட பிச்சையாக இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வாய் திறந்தது. ஒரு மனுஷி செத்திருப்பாளே என்ற நினைப்பு பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, உட்கார்ந்த பிறகுதான் வந்தது. பாகூர் வரை அழுதுகொண்டே வந்தேன்.